வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு போர்ட்ஃபோலியோ: ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கேட்டவை

அக்கா, இதுவரை செய்த ஸ்டூடியோ புராஜெக்ட் எல்லாவற்றையும் போர்ட்ஃபோலியோவில் (செய்த வேலைகளின் தொகுப்பில்) வைக்கலாமா? (ஏழாம் செமஸ்டர்)

வேண்டாம். நான்கு போதும், ஏ4 படுக்கைவாட்டில் 20 பக்கத்துக்குள். செமஸ்டர் வரிசையை மறந்துவிடுங்கள். இருப்பதிலேயே நல்லது முதலில், அடுத்த நல்லது கடைசியில். முதல் வருட பேசிக் டிசைன் பயிற்சிகளை எடுத்துவிடலாம். ஆனால் மெஷர்டு டிராயிங்கை (இருக்கிற கட்டடத்தை அளந்து வரைந்ததை) தூக்கிப் போடாதீர்கள். செட்டிநாட்டு வீடு ஒன்றை டேப் பிடித்து அளந்திருந்தால், வளவை, அதாவது நடு முற்றத்தை, வெட்டிக் காட்டும் செக்‌ஷனுக்கு இரண்டு பக்கம் கொடுங்கள். பளபளக்கும் ரெண்டரை (கம்ப்யூட்டரில் செய்த கட்டடப் படத்தை) காசு கொடுத்தும் வாங்கலாம். மரத்தூணும் கூரையும் எப்படிச் சேர்கின்றன என்று காட்டும் செக்‌ஷனை, அங்கே நின்று பார்த்தவர்தான் வரைய முடியும்.

ஜூரிக்கு (கல்லூரி மதிப்பீட்டுக்கு) போட்ட ஏ1 ஷீட்களை அப்படியே ஏ4-க்குச் சுருக்கினால் என்ன கெட்டுப்போகும்?

ஏறக்குறைய எல்லாமே. ஏ1-ஐ ஏ4 ஆக்கினால் நீளம் 35 சதவீதத்துக்கு வந்துவிடும். 2.5 மி.மீ. எழுத்து 0.9 மி.மீ. ஆகும், யாராலும் படிக்க முடியாது. 0.18 மி.மீ. கோடு 0.06 ஆகித் திரையில் சாம்பல் படலமாகத் தெரியும். 1:100 என்று எழுதியிருந்த பிளான் உண்மையில் 1:283 ஆகியிருக்கும். அதாவது ஷீட்டில் எழுதிய அளவே தவறு. அதனால் அளவுகோல் எண்ணை எடுத்துவிட்டு ஸ்கேல் பார் (மீட்டர் குறித்த அளவுப்பட்டை) போடுங்கள். எவ்வளவு சுருக்கினாலும் அது பொய் சொல்லாது.

பிளானை ஏ4-க்கென்றே மறுபடி பிளாட் செய்யுங்கள். 40 மீட்டர் நீளக் கட்டடம் 1:200-ல் 200 மி.மீ.தான், பக்கத்தில் வசதியாக உட்காரும். கோட்டுத் தடிமன்: வெட்டுப்படும் சுவருக்கு 0.35 மி.மீ., பின்னால் தெரிவதற்கு 0.18, தரை ஓடு, ஹேட்ச் (நிரப்புக் கோடுகள்) போன்றவற்றுக்கு 0.13. டைமென்ஷன், கிரிட் கோடு, அறைக்கு அறை ஒட்டிய லேபிள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வடதிசைக் குறி மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

கோட்டு வரைபடத்தை ஜேபெக் ஆக்கி ஒட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. 150 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 150 புள்ளி) ஒரு புள்ளியே 0.17 மி.மீ., அதைவிட மெல்லிய கோடு பல்பல்லாக உடையும். பிளானும் செக்‌ஷனும் வெக்டராகவே (புள்ளிகளாக மாறாமல், கோடுகளாகவே) பிடிஎஃப்-க்குப் போக வேண்டும்.

என் பிடிஎஃப் 38 எம்பி. ஆபீஸில் 10 எம்பி-க்குள் கேட்கிறார்கள். கம்ப்ரஸ் செய்யும் வெப்சைட்டில் போடலாமா?

வேண்டாம், அது கண்டதையும் சேர்த்து நசுக்கிவிடும். எடை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முழுப்பக்க ரெண்டர் 300 டிபிஐ-யில் 3508 × 2480 பிக்சல். 150-க்கு இறக்கினால் 1754 × 1240, கால்வாசிதான். திரைக்கு அது தாராளம். ரெண்டரைக் குறைத்தும் எடை இறங்காவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் சைட் பிளானில் உள்ள ஆட்டோகேட் மர பிளாக்குகள் (ஒட்டிவைக்கும் ரெடிமேட் மரப் படங்கள்), ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான கோடுகள். அந்த லேயரை மட்டும் 300 டிபிஐ படமாக்குங்கள். வண்ணம் ஆர்ஜிபி-யில் இருக்கட்டும், அது திரைக்கு; சிஎம்ஒய்கே அச்சுக்கு.

25 எம்பி-க்கு மேல் போனால் ஜிமெயில் தானாகவே டிரைவ் லிங்க் ஆக்கிவிடும். பெர்மிஷனைத் திறந்து விடாவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் அனுமதி கேட்கும் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

நாலு பேர் சேர்ந்து செய்த போட்டி என்ட்ரி?

வையுங்கள். தலைப்பின் கீழேயே “4 பேர் குழு, என் பங்கு: செக்‌ஷன்கள், 1:100 மாடல்” என்று எழுதிவிடுங்கள். நேர்காணலில் அந்தப் பக்கத்தைத்தான் கிளறுவார்கள்.

நம் ஊர் புராஜெக்ட் ஐரோப்பிய ஆபீஸில் இருப்பவர்களுக்குப் புரியுமா?

சூரியனைச் சொல்லிவிட்டால் புரியும். சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். பெர்லினில் இருப்பவருக்கு நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான். நீங்கள் வடக்குச் சுவருக்கு சன்ஷேட் போட்டிருந்தால், தெரியாமல் செய்த தவறு என்றே நினைப்பார். செக்‌ஷனில் நண்பகல் வெயிலின் இரண்டு கோணம் வரையுங்கள்: ஜூனில் வடக்கிலிருந்து 80 டிகிரிக்கு அருகே, டிசம்பரில் தெற்கிலிருந்து சுமார் 53. அரைப் பக்க விளக்கம் எழுதும் வேலை மிச்சம். “சஸ்டெயினபிள்” என்று எழுதி பச்சை அம்புக்குறி போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜெர்மனி, அமெரிக்கா இரண்டுக்கும் ஒரே மெயில் அனுப்பலாமா?

போர்ட்ஃபோலியோ ஒன்றே போதும், கூட வைக்கும் காகிதம் வேறு. ஜெர்மனியில், பாடத்திட்டத்தில் கட்டாயமில்லாத விருப்பப் பயிற்சி 3 மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்துவிடும். அதனால் “இது பாடத்திட்டத்தில் கட்டாயமா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. எத்தனை வாரம் என்று குறிப்பிட்ட கல்லூரிக் கடிதத்தை மெயிலோடு இணைத்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 இன்டர்ன் விசா, அதிகபட்சம் 12 மாதம். ஆபீஸ் வேலை கொடுத்தால் மட்டும் போதாது, அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் டிஎஸ்-2019 படிவம் தர வேண்டும். இரண்டுக்குமே ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

மெயிலில் என்ன எழுதுவது?

ஆறேழு வரி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த செமஸ்டர், அந்த ஆபீஸின் எந்தக் கட்டடம் உங்களை எழுத வைத்தது, ரெவிட்டா ரைனோவா, எந்த மென்பொருளில் கை ஓடும். ஃபைலுக்கு “ஃபைனல்_புது_3” என்று பெயர் வைக்காதீர்கள். உங்கள் பெயர், போர்ட்ஃபோலியோ, வருடம், அவ்வளவுதான்.