பால் பத்தவில்லை என்கிறார்கள், பவுடர் பால் ஆரம்பிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: முதல் குழந்தை, சிசேரியன், பிறந்து மூன்று வாரம். சாயங்காலம் ஆனால் ஓயாமல் அழுகிறான். மார்பு முதலில் இருந்த மாதிரி கனமாக இல்லை. பம்ப் வைத்துப் பார்த்தால் பத்து மில்லிகூட வரவில்லை. அத்தை "டப்பா பால் வாங்கிடலாம்" என்கிறார். என்ன செய்வது?

நான் பல வருடம் அரசு மருத்துவமனை ஒன்றில், பிரசவமான தாய்மார்கள் இருக்கும் வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள். இந்தக் கேள்வி அங்கே தினமும் வரும். பாதி நாள் அதைக் கேட்பது தாயே இல்லை, பக்கத்தில் பிளாஸ்க்கோடு நிற்கும் உறவுக்காரர்.

நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளில் எதுவுமே பால் போதவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. சாயங்கால அழுகை இந்த வயதில் வழக்கம். அந்த நேரத்தில் குழந்தை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்பைத் தேடும், குடிக்கும், விடும், மறுபடி கத்தும். ஆறு வாரம் வரை அழுகை ஏறிக்கொண்டே போய், அப்புறம் தானாகக் குறையும். மார்பு இளகுவதும் இயல்புதான். முதல் சில நாட்களில் எவ்வளவு தேவை என்று உடம்புக்குத் தெரியாது, அதனால் கூடுதலாகச் சுரந்து கல் மாதிரி இறுகும். கணக்கு பிடிபட்டதும் குழந்தை குடிக்கும் அளவுக்கு இறங்கிவிடும். பம்ப் விஷயமும் அப்படித்தான். பால் இறங்குவதற்கான ஹார்மோன் பயத்திலும் பதற்றத்திலும் தடைப்படும், "எவ்வளவு வந்திருக்கு?" என்று நாலு பேர் எட்டிப் பார்க்கும்போது பம்ப்பில் வராது. குழந்தை வாய் வைத்தால் வரும்.

சரி, பிறகு எதை நம்புவது? சிறுநீரையும் தராசையும். மூன்று வாரக் குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், வெளிர் நிறத்தில் சிறுநீர் கழித்தால் உள்ளே பால் போகிறது என்று பொருள். டயப்பரில் எண்ணுவது கஷ்டம், ஒரு நாள் மட்டும் பழைய வேட்டித் துணியைக் கட்டிப் பாருங்கள். எடையைப் பொறுத்தவரை, பிறந்த முதல் சில நாட்களில் குழந்தைகள் பத்து சதவீதம் வரைகூட இளைப்பார்கள். இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், அதன்பின் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை ஏறினால் நிம்மதியாக இருக்கலாம். ஒரே தராசில், துணி இல்லாமல் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே எடை பார்ப்பார்கள், உங்கள் பகுதிச் சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் வீட்டுக்கே வந்தும் பார்ப்பார்.

எடை சரியாக ஏறவில்லை என்றாலும் நேராக டப்பாவுக்குப் போக வேண்டாம், முதலில் குழந்தை வாய் வைக்கும் விதத்தைப் பாருங்கள். வார்டில் நான் கண்ட பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கேதான் இருந்தன. புதிய அம்மாக்கள் முதுகை வளைத்து, மார்பை இரண்டு விரலால் கத்தரி மாதிரிப் பிடித்து, காம்பைக் குழந்தையின் வாய்க்குள் திணிப்பார்கள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கடித்துச் சப்பும், கன்னம் குழிந்து குழிந்து போகும், "டக் டக்" என்று சத்தம் வரும். அம்மாவுக்கு உயிர் போகிற வலி, குழந்தைக்குப் பால் வராது. நீங்கள் சாய்ந்து வசதியாக உட்காருங்கள், குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். வயிறு உங்கள் பக்கம் பார்க்க வேண்டும், தலையும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில். காம்பு அவன் மூக்குக்கு நேரே இருக்கட்டும். மேலுதட்டில் அதை லேசாக உரசினால் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறப்பான். அந்த நொடியில் தோளைத் தாங்கிச் சட்டென்று அணைத்துக்கொள்ளுங்கள். தாடை மார்பில் புதைந்திருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், கருவட்டம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. சரியாகப் பிடித்துவிட்டால் வலி இருக்காது, இரண்டு மூன்று உறிஞ்சலுக்கு ஒருமுறை விழுங்கும் சத்தம் மெதுவாகக் கேட்கும். வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மறுபடி வையுங்கள்.

தையல் வலிக்கிறது என்றால் மடியில் போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், அல்லது குழந்தையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி அக்குளுக்குக் கீழே தலையணை வைத்துக் கிடத்தலாம். காம்பு உள்ளடங்கி இருந்தால் மருத்துவமனைகளில் சிரிஞ்சின் முனையை வெட்டித் தலைகீழாக வைத்து மெல்ல இழுக்கச் சொல்லித்தருவார்கள். நல்ல பலன் தரும், செவிலியர் பக்கத்தில் இருக்க ஒருமுறை கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

டப்பா பாலை ஏன் உடனே ஆரம்பிக்க வேண்டாம் என்கிறேன் என்றால், தாய்ப்பால் மணற்கேணி மாதிரி, இறைக்க இறைக்கத்தான் ஊறும். ஒரு வேளை பவுடர் பால் வயிறு நிறையக் குடித்தவன் அடுத்த வேளை மார்பைத் தேட மாட்டான். தேங்கிய பால் "போதும்" என்று உடம்புக்குச் செய்தி சொல்லும், சுரப்பு குறையும். அப்போது "நான் சொன்னேன்ல" என்று அத்தை சொல்வதும் நிஜமாகிவிடும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுங்கள், ராத்திரியில் ஒன்றிரண்டு தடவையாவது கட்டாயம். சுரப்புக்கான ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

அதற்காகப் பவுடர் பால் விஷம் என்று நான் சொல்லவில்லை. எடை ஏறவே இல்லை, அம்மாவுக்குத் தைராய்டு பிரச்சினை, முன்பு மார்பில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, இப்படிச் சில பேருக்கு உண்மையிலேயே கூடுதல் பால் தேவைப்படும். மருத்துவர் சொன்னால் கொடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பாட்டில் வேண்டாம், நம் வீட்டுப் பாலாடையிலோ சங்கிலோ புகட்டுங்கள். மார்பில் குடித்து முடித்த பிறகு மட்டும். கடைக்காரரோ தெரிந்தவரோ "இந்த பிராண்ட் நல்லது" என்று சொல்வதைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். குழந்தைகளுக்கான பால் பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கட்டாயம் பேச்சு வரும். பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, பிடித்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். அவற்றைவிடப் பாலைக் கூட்டுவது குழந்தையின் வாய்தான். "தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பதை மட்டும் கேட்காதீர்கள், தாகத்துக்குக் குடியுங்கள். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு எதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் ஆபத்தானது.

பால் கட்டிக்கொண்டால் கொடுப்பதற்கு முன் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பின் குளிர்ந்த துணி, இடையில் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிடுவது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொல்வார்கள், வேண்டாம். அது பாலை வற்றவைக்க நம் ஊரில் செய்யும் வைத்தியம். 1988இல் வெளியான ஓர் ஆய்வும் அது சுரப்பைக் குறைப்பதைக் காட்டியது. ஒரு பக்கம் சிவந்து, வலித்து, குளிர் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போங்கள், ஆனால் அந்தப் பக்கமும் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்.

அத்தையோடு வாதாட வேண்டாம். அவருக்கும் பேரன் அழுவது தாங்கவில்லை, அவ்வளவுதான். எடை போடும் அன்று அவரையும் கூட்டிப் போங்கள், தராசு சொன்னால் ஏற்றுக்கொள்வார். சாயங்கால அழுகை நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, நீங்கள் பால் கொடுக்கும்போது ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைப்பது, இந்த வேலைகளை அவரும் உங்கள் கணவரும் பிரித்துக்கொள்ளட்டும். ராத்திரி டயப்பர் மாற்றுவதும் கணவர் வேலைதான்.

காரணமே இல்லாமல் அழுகை வருவது முதல் இரண்டு வாரம் பலருக்கும் உண்டு. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் அப்படி இருந்தால், தூக்கமே வராமல் போனால், பாலைப் பற்றிக் கேட்கும் அதே மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

சிறுநீர் திடீரென்று குறைவது, எழுப்பினாலும் பாலுக்கு விழிக்காமல் துவண்டு கிடப்பது, காய்ச்சல், கண்ணும் உள்ளங்காலும் மஞ்சளாவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், நடுராத்திரியில் போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கும்போது 104க்கு அழைத்துக் கேட்கலாம்.