டைமிங் செயின் டென்ஷனர் உள்ளே போக மறுத்தால்

ஃபோர்டு எஃப்-150 டிரக், 5.4 லிட்டர் டிரைட்டன் எஞ்சின். டைமிங் செயினைத் தளராமல் இறுக்கி வைக்கும் டென்ஷனரின் பிளஞ்சரை (அதிலிருந்து நீளும் தண்டு) எவ்வளவு அழுத்தியும் உள்ளே போகவில்லை என்கிறீர்கள். தடுப்பது, பிளஞ்சர் பின்வாங்காமல் பிடிக்கும் ராட்செட் பல்தான், பலத்தைக் காட்டாதீர்கள். கழற்றிய டென்ஷனரை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) லேசாகப் பிடித்து, மெல்லிய கம்பியால் ராட்செட் நாக்கை விலக்கிக்கொண்டே மெதுவாக இறுக்குங்கள். உள்ளிருக்கும் ஆயில் கசிந்து வெளியேற நேரம் கொடுங்கள். பிளஞ்சர் முழுதாக இறங்கியதும், நிமிர்த்திய ஜெம் கிளிப்பை அதற்கான ஓட்டையில் செருகினால் அப்படியே நிற்கும். செயின், அதை வழிநடத்தும் கைடு எல்லாம் மாட்டி, செயினிலும் பல்சக்கரங்களிலும் உள்ள டைமிங் குறிகள் பொருந்தியதை உறுதிசெய்த பிறகே கிளிப்பை உருவ வேண்டும்.

அப்புறம், பிளாஸ்டிக் டென்ஷனர் என்றால் திரும்பப் போடவே வேண்டாம். பின்புற சீல் பிய்ந்து ஆயில் பிரஷர் கசிவது இந்த எஞ்சினில் பலரும் பார்த்த கோளாறு. நான் வார்ப்பிரும்பு டென்ஷனரைத்தான் போடுவேன்.