மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பு கட்டுப்படியாகுமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கேட்கும் கேள்வி இது: "அக்கா, கம்யூனிட்டி காலேஜில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிக்கலாமா?" கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக ரத்தம் எடுப்பது போன்றவற்றைச் செய்யும் வேலை அது. நானும் அதில் தொடங்கியவள்தான். இப்போது ஒரு குடும்ப மருத்துவ கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டென்ட்களை நேர்காணல் செய்து எடுக்கிறேன். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தொகை எல்லாம் டாலரில்.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா: இரண்டு வருட டிகிரிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்? வரும் சம்பளம் அதற்கு ஈடாகுமா?

ஃபீஸ் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் அந்த மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். டிகிரிக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760. நாடு முழுக்கச் சராசரி எடுத்தால் 2024–25இல் உள்ளூர்க்காரர்களுக்கு வருடத்துக்கு 4,050. மாநிலவாசி என்று கணக்கில் வராதவர்களுக்கு இது பல மடங்கு ஆகும், அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்கு மேல் புத்தகம், ஸ்க்ரப்ஸ் எனும் பணியுடை, தடுப்பூசிகள், காசநோய்ப் பரிசோதனை, சி.பி.ஆர். அட்டை, பின்னணிச் சோதனை என்று சில்லறையாகப் போகும்.

சம்பளம்: மத்தியத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2024 மே கணக்குப்படி நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) வருடத்துக்கு 44,200. மணிக்கு 21 டாலருக்குச் சற்று மேல். அடிமட்டத்தில் இருப்பவர்கள் 35,000ஐ ஒட்டி வாங்குகிறார்கள், மேல்மட்டத்தில் 57,000ஐத் தாண்டுகிறார்கள். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சம்பளம் கூடுதல்தான், வீட்டு வாடகையும் அப்படியே.

ஃபீஸை மட்டும் பார்த்தால் சில மாதச் சம்பளத்தில் எடுத்துவிடலாம். ஆனால் அது பாதிக் கணக்குதான். மீதியை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

ராலே, நார்த் கரோலினா: ஒரு வருட சர்ட்டிஃபிகேட், இரண்டு வருட டிகிரி, இரண்டும் இருக்கிறது. எதில் சேரலாம்?

பெரும்பாலானவர்களுக்கு என் பதில் சர்ட்டிஃபிகேட்.

நான் ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது டிகிரியை இல்லை. தேசிய அளவிலான சான்றிதழ்த் தேர்வில் தேறியிருக்கிறாரா, ரத்தம் எடுக்கக் கை பழகியிருக்கிறதா, வரும் நோயாளியிடம் இதமாகப் பேசுவாரா, இவ்வளவுதான். எங்கள் சம்பள அட்டவணையில் அந்தத் தேர்வுச் சான்றிதழுக்குத் தனியாகக் கூட்டித் தருவோம். டிகிரிக்கு அப்படி ஒரு வரியே கிடையாது. பல இடங்களில் இதே கதைதான்.

இரண்டாம் வருடத்தின் விலை என்ன என்று பாருங்கள். ஃபீஸ், நாட்டுச் சராசரிப்படி, ஏறக்குறைய 4,000. அந்த வருடம் வேலைக்குப் போயிருந்தால் தொடக்கச் சம்பளமாக 36,000 வந்திருக்கும். ஆக அந்த ஒரு வருடத்தின் விலை 40,000. டிகிரிக்காக மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகத் தரும் இடமே கிடைத்தாலும், முழுநேர வேலையில் அது வருடத்துக்கு 2,080தான். போட்டதை எடுக்க 19 வருடம் ஆகும்! ஃபீஸ் ரசீது கண்ணுக்குத் தெரியும், வராமல் போன சம்பளத்துக்கு ரசீது இல்லை. அதனால் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

டிகிரிக்கு ஒரு நியாயம் உண்டு. இரண்டாம் வருடத்தில் வரும் ஆங்கிலம், புள்ளியியல், உளவியல் போன்ற பாடங்கள் பிறகு வேறு படிப்புக்கு உதவும். ஆனால் அவற்றை வேலை பார்த்துக்கொண்டே மாலையில் ஒவ்வொன்றாக எடுக்கலாம். படிப்புச் செலவுக்கு வருடம் 5,250 வரை நிறுவனம் கொடுத்தால் அதற்கு வரி கிடையாது. பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் பல இப்படிக் கொடுக்கின்றன. கையில் இருக்கிற பணத்தைப் போடுவானேன்?

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்: கணவர் ஐ.டி.யில் 140,000 வாங்குகிறார். எனக்கு வேலை அனுமதி இருக்கிறது. சின்னவனுக்கு டே கேர் மாதம் 1,400. நான் வேலைக்குப் போனால் கையில் என்ன நிற்கும்?

இந்தக் கணக்கைப் படிப்பில் சேருவதற்கு முன்பே போடுகிறீர்களே, பாராட்ட வேண்டும்.

நீங்கள் இருவரும் சேர்ந்து வரி கட்டுவதால் உங்கள் சம்பளம் அவருடையதற்கு மேல் போய் உட்காரும். அதனால் உங்கள் முதல் டாலரே 22 சதவீத வரியில் தொடங்கும். 36,000 என்று வைத்துக்கொள்வோம். மத்திய வரி 7,920. சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்து 7.65 சதவீதம், அது 2,754. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. மிச்சம் 25,326. டே கேருக்கு 16,800 போனால் நிற்பது 8,526, மாதத்துக்கு 710 டாலர். அதிலும் பெட்ரோல், மதியச் சாப்பாடு இருக்கிறது.

பையன் கிண்டர்கார்டன் போய்விட்டால் அதே வேலை மாதம் 2,100 தரும். பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அதைக் கழியுங்கள். ஆகவே இப்போது மெதுவாக ஒன்றிரண்டு பாடம் எடுத்து, அவன் பள்ளிக்குப் போகும் வருடம் படிப்பின் கிளினிக் பயிற்சியை வைத்துக்கொண்டால் காசு வீணாகாது. கணவரின் அலுவலகத்தில் குழந்தைப் பராமரிப்புக்கென்று சம்பளத்தில் பிடித்து வைக்கும் எஃப்.எஸ்.ஏ. கணக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2026 முதல் அதன் உச்சவரம்பு 5,000இலிருந்து 7,500 ஆகியிருக்கிறது. அந்தத் தொகைக்கு வரி இல்லை.

ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் போல வருவார்கள், போவார்கள். அதற்கு மேல் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எடிசன், நியூ ஜெர்சி: கணவருக்கு எச்-1பி வேலை விசா, நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறேன், ஈ.ஏ.டி. எனும் வேலை அனுமதி அட்டை இல்லை. படிக்கலாமா?

படிக்கத் தடை இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் தடை. கணவரின் கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்த பிறகு நீங்கள் ஈ.ஏ.டி.க்கு விண்ணப்பிக்கலாம், அது 2015 மே முதல் உள்ள விதி. எப்போது வரும் என்று தெரியாமல் படித்து முடித்துவிட்டு உட்கார்ந்தால் கை மறந்துவிடும், சேர்ந்தபின் மறுபடி பழக்க வேண்டியிருக்கும். மத்திய அரசின் பெல் கிராண்ட் உதவித்தொகையும் எச்-4இல் கிடைக்காது, கிரீன் கார்டு இருந்தால் விண்ணப்பிக்கலாம். இன்னொன்று: இந்த வேலையைக் காட்டி எச்-1பி வாங்க முடியாது, அதற்கு இளங்கலைப் பட்டம் தேவைப்படும் வேலையாக இருக்க வேண்டும்.

சிகாகோ: தனியார் பயிற்சி நிறுவனம் ஒன்று 9 மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறது. ஃபீஸ் 18,000, கடனும் ஏற்பாடு செய்வார்களாம்.

வேண்டாம். கம்யூனிட்டி காலேஜில் ஒரு சிறு பகுதி செலவில் கிடைக்கும் அதே பாடம், அதே தேர்வு, அதே மணிக்கு 21 டாலர். எவரெஸ்ட் என்ற பெயரில் இதே படிப்பை நடத்திய கொரிந்தியன் கல்லூரிக் குழுமம் 2015இல் இழுத்து மூடியது. அதன் மாணவர்கள் சுமார் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை 2022இல் அரசு தள்ளுபடி செய்தது. அதுவரை அத்தனை பேர் தலையிலும் அந்தக் கடன் தொங்கியது. எல்லாத் தனியார் நிறுவனமும் அப்படி என்று சொல்லவில்லை, ஆனால் "இன்றே சேர்ந்தால் தள்ளுபடி" என்று போனில் துரத்தும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சான் ஆன்டோனியோ: மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். மெடிக்கல் அசிஸ்டென்ட் படித்தால் சீக்கிரம் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் அது உங்களுக்கு நஷ்டம். இங்கே பதிவுபெற்ற செவிலியரின் நடுநிலைச் சம்பளம் 2024இல் 93,600, இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் மதிப்பெண் பட்டியலை மதிப்பீட்டுக்கு அனுப்பி, செவிலியர் உரிமத்துக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வுக்குப் படியுங்கள். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து காகிதம் வர மாதக்கணக்கில் ஆகலாம், அந்த இடைவெளியில் கையிலுள்ள தகுதியை வைத்து ஏதாவது கிளினிக் வேலை பாருங்கள். இன்னொரு படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

சார்லட்: இதை முதல் படியாக வைத்து, அப்புறம் நர்சிங் போகலாம் என்கிறார்களே?

போகலாம், ஆனால் படிக்கட்டு தானாக இணையாது. மெடிக்கல் அசிஸ்டென்ட் பாடங்களின் கிரெடிட் பெரும்பாலும் நர்சிங்கில் சேராது. நர்சிங்குக்கு உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எல்லாம் ஆய்வகத்தோடு முழுப் பாடமாக வேண்டும். நம் படிப்பில் வரும் உடற்கூறியல் பல இடங்களில் சுருக்கப் பாடம்தான், அது செல்லாது. நர்சிங்தான் குறி என்று இப்போதே தெரிந்தால் நேராக அந்தப் பாடங்களை எடுங்கள். முடிவு செய்யவில்லை, மருத்துவச் சூழல் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும் என்றால் இந்தப் படிப்பு நல்ல வழி. மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வரலாம், பெரும்பாலும் இரவு ஷிப்ட் இல்லை. அந்த வசதிக்காகவே இதிலேயே நின்றுவிட்டவர்கள் என் குழுவில் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சியாட்டில்: எந்தச் சான்றிதழ் எடுப்பது?

உங்கள் மாநிலம் தனி ரகம். 2013 முதல் வாஷிங்டனில் மாநில சுகாதாரத் துறையின் அனுமதி இல்லாமல் இந்த வேலை செய்ய முடியாது, அதனால் துறை ஏற்கும் படிப்பும் தேர்வும் எது என்று அங்கேயே பாருங்கள். மற்ற பல மாநிலங்களில் சட்டம் கேட்காது, முதலாளி கேட்பார். சி.எம்.ஏ. என்ற சான்றிதழ்த் தேர்வு எழுத, சி.ஏ.ஏ.எச்.இ.பி. அல்லது ஏ.பி.எச்.இ.எஸ். என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பாக இருப்பது முக்கியம். சி.சி.எம்.ஏ. என்ற இன்னொரு சான்றிதழ்த் தேர்வுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பல கிளினிக்குகள் அதையும் ஏற்கின்றன.

டெட்ராய்ட்: எனக்கு வயது 47, ஆங்கிலம் சுமார். எடுப்பார்களா?

வயது ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலத்தில் உச்சரிப்பு பரவாயில்லை. மருந்துப் பெயரையும் அளவையும் போனில் திருப்பிச் சொல்லித் தெளிவுபடுத்தத் தெரிய வேண்டும், அதில் தவறு நடந்தால் ஆபத்து.

அட்லாண்டா: சேருவதற்கு முன் காலேஜில் என்ன கேட்க வேண்டும்?

பயிற்சிக்கு எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள் என்று முதலில் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் குறைந்தது 160 மணி நேரப் பயிற்சி உண்டு. அதற்கு வழக்கமாகச் சம்பளம் இல்லை, பகலில்தான் நடக்கும். "இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்றால் வேறு காலேஜ் பாருங்கள், ஏனென்றால் பலருக்கு முதல் வேலை கிடைப்பதே பயிற்சி எடுத்த இடத்தில்தான். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் எண்ணாகவே கேளுங்கள். மத்தியக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் படிப்பு வாரியாகப் பட்டதாரிகளின் வருமானத்தைப் பார்க்கலாம். அப்புறம், உங்கள் ஊர் மருத்துவமனைகளின் வேலைப் பக்கத்தில் அப்ரென்டிஸ் என்று தேடிப் பாருங்கள். சம்பளம் கொடுத்தே மெடிக்கல் அசிஸ்டென்ட் பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் காலேஜுக்கு விண்ணப்பமே போட வேண்டாம்.