பச்சைக்கோடும் மூன்று மாதக் கணக்கும்

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதியில் 285,000 ரூபாய்க்குப் புதுப் போன் ஒன்றை வாங்கி இன்றோடு 79 நாள். கிரெடிட் கார்ட்டில் 12 மாதத் தவணை. ஒரு வருட ‘கடை வொரண்டி’. 46ஆம் நாள் இரவு அப்டேட் போட்டேன். காலையில் திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக்கோடு. கடையில் கொடுத்தேன். 16 நாள் வைத்திருந்துவிட்டு, “தண்ணீர் போயிருக்கிறது, வொரண்டி இல்லை. வேண்டுமென்றால் பாதி விலையில் டிஸ்ப்ளே மாற்றித் தருகிறோம்” என்று திருப்பித் தந்தார்கள். ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று பில்லிலேயே இருக்கிறதாம். கோடு எப்படி வருகிறது என்று 14 பக்க அறிக்கை தயாரித்திருக்கிறேன். இன்னொன்று: வீட்டு ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றார்கள். இரவில் 20ஐத் தாண்டாது. கடையைப் பற்றி வீடியோ போடலாமா, வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, உங்கள் 14 பக்கத்தையும் வாசித்தேன். பாதி விளங்கியது. அமோலெட் திரைக்கும் அதை இயக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள மெல்லிய இணைப்பு சூட்டில் விட்டுப்போனால் இப்படி ஒரு முழுக்கோடு விழலாம் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த அறிக்கையை முடிக்க உங்களுக்கு 13 நாள் போயிருக்கிறது. எனக்குக் கவலை அந்த 13 நாள்தான்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் 13ஆம் பிரிவு உங்களைப் போன்றவர்களுக்கானது. வெளிப்படையாகக் கொடுத்த வொரண்டிக்கோ, சொல்லாமலே உள்ளடங்கிய உத்தரவாதத்துக்கோ ஒவ்வாத பொருளை விற்றால் அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதே பிரிவில் மூன்று மாதம் என்ற ஒரு காலக்கெடுவும் இருக்கிறது, அது விற்பனை நாளிலிருந்து ஓடுகிறது. ஒரு வருட வொரண்டி இருக்கும்போது மூன்று மாதம் எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம், வாதிடவும் இடமிருக்கிறது. அந்த வாதத்தை என்னைப் போன்ற சட்டத்தரணிகள் புதுக்கடை நீதிமன்றங்களில் காசு வாங்கிக்கொண்டு செய்வார்கள். உங்கள் கையில் இன்னும் சுமார் 12 நாள் இருந்ததால், வாதமே தேவையில்லாதபடி அதற்குள் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுவதுதான் புத்தி. இந்தப் பக்கம் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பியதும் அதனால்தான்.

முறைப்பாட்டை எப்படி எழுதுவது? ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில், எந்தக் கடையில், என்ன மொடல், எவ்வளவுக்கு வாங்கினீர்கள். எந்தத் தேதியில் என்ன பழுது தெரிந்தது. கடையில் எப்போது கொடுத்தீர்கள், எப்போது திரும்பி வந்தது, என்ன சொன்னார்கள். கடைசியாக உங்களுக்கு என்ன வேண்டும்: புதிய போனா, பணமா, கடையின் செலவில் பழுது திருத்தமா. இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து பக்கம் கோபத்தைக் கொட்டிவிட்டு, என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார்கள். பில்லின் பிரதி, வொரண்டி அட்டை, பச்சைக்கோட்டின் படம், கடையுடனான வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை இணையுங்கள். 14 பக்க அறிக்கையை வீட்டில் வையுங்கள், விசாரணையில் கேட்டால் பார்ப்போம்.

அதிகார சபையின் தலைமை அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி, 27ஆம் இலக்கத்தில் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், ஆனால் அழைப்பை மட்டும் நம்பாதீர்கள். எழுதிய முறைப்பாட்டை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தமிழில் எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி, தாராளமாக எழுதலாம். உரிமை அப்படி. நடைமுறையில், கோப்பைக் கையாளும் அலுவலருக்குத் தமிழ் வராவிட்டால் மொழிபெயர்ப்புக்காக அது மேசையில் கிடக்கும். உங்களுக்கு நாள் முக்கியம் என்பதால் தமிழ் முறைப்பாட்டோடு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அரைப்பக்கச் சுருக்கம் ஒன்றையும் வையுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது, கோப்பு நகர்வதற்காக.

விசாரித்த பிறகு உங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டால், நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கடைக்கு அதிகார சபை கட்டளையிடலாம். கடை அதை மதிக்காவிட்டால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். நோட்டீஸ் வந்ததுமே சமாதானமாகப் போகிற கடைகளும் உண்டு. எல்லாக் கடையும் அப்படியல்ல.

இனி ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்ற அந்த வரி. நிறம் பிடிக்கவில்லை, மனைவி வேறொன்று கேட்கிறார் என்று போனவருக்கு அந்த வரியைக் காட்டலாம். பழுதான பொருளை விற்றுவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு விடயம். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமே, ஒரு பொருளை விவரணையைக் காட்டி விற்றால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விற்பனைக்குள் புகுத்தி வைத்திருக்கிறது. கைபேசியே இல்லாத காலத்துச் சட்டம், இன்னும் வேலை செய்கிறது. ஒப்பந்தத்தில் சொல்லி அந்த நிபந்தனையை விலக்கலாம் என்று அதே சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்ததால், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வந்தது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டதெல்லாம் சட்டமாகிவிடாது.

தண்ணீர் போயிருக்கிறது என்கிறார்களே, அதை யார் காட்டுவது? சொன்னவர்கள் காட்டட்டும். போனுக்குள் ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறு பட்டை ஒன்று இருப்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அது மாறியிருக்கிறதா, யார் பார்த்தார்கள், எந்த நாளில், படம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரிதான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு செய்தியின் சட்டப் பெறுமதி போய்விடாது. ஆகவே அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கடைக்காரர் குரல்பதிவில் பதில் சொன்னால் இன்னும் நல்லது. இடையில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தெரிந்த பையன் ஒருவனிடம் கொடுத்துத் திறந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். ஒருமுறை வெளியாள் திறந்துவிட்டால், தண்ணீர் எப்போது போனது என்ற கேள்விக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது.

அந்தப் பாதி விலை டிஸ்ப்ளே விடயத்திலும் கவனம். அவசரத்துக்கு அதை ஏற்றுக்கொள்வதானால், ‘எனது உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். ‘முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டால் நான் மேலே சொன்னதில் அரைவாசிக்கு வேலையில்லை.

நீங்கள் கேள்வியில் எழுதாமல் அறிக்கையின் 9ஆம் பக்கத்தில் அடிக்குறிப்பாக வைத்திருக்கும் ஒன்று: போட்டது சாதாரண அப்டேட் அல்ல, பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. தம்பி, சட்டத்தரணியிடம் அடிக்குறிப்பில் கதைக்கக் கூடாது. தயாரிப்பாளரே பகிரங்கமாகத் தரும் பீட்டா என்றால் பெரிய இடைஞ்சல் இல்லை, ஆனால் அதை முறைப்பாட்டில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். விசாரணையில் கடைக்காரர் வாயிலிருந்து அது வெளிவந்தால், மற்ற எல்லாவற்றையும் அலுவலர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். போனின் மென்பொருளை மாற்றவிடாத பூட்டான பூட்லோடரைத் திறந்து வேறு மென்பொருள் ஏற்றியிருந்தால் கதை கடினம். அப்படியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன்.

இது ‘கடை வொரண்டி’ என்பதால் ஒரு சந்தேகம். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக வராத போன்களைத்தான் பெரும்பாலும் அப்படி விற்கிறார்கள். *#06# அழுத்தி ஐஎம்ஈஐ என்ற போனின் அடையாள இலக்கத்தை எடுத்து, அது பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்திருக்கிறதா பாருங்கள். பிறகு ஐஎம்ஈஐ என்ற ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, இலக்கம் என்று 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று தெரியும். இல்லை என்று வந்து, முகவர் வழியாக வந்த ‘கொம்பனி போன்’ என்று சொல்லி விற்றிருந்தால், நுகர்வோரைத் தவறாக வழிநடத்திய குற்றச்சாட்டையும் அதே முறைப்பாட்டில் சேர்க்கலாம். அது வொரண்டியைவிடக் கனமான குற்றச்சாட்டு.

கோபத்தில் கார்ட் தவணையை நிறுத்தும் யோசனை இருந்தால் இன்றே கைவிடுங்கள். கடையோடு உள்ள பிணக்கு வங்கிக்குத் தெரியாது. தவணை தவறினால் கிரிப் எனும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் விழுவது உங்கள் பெயர். இரண்டு வருடம் கழித்து வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது பச்சைக்கோட்டைக் காட்டி விளக்க முடியாது. கொடுக்கல் வாங்கலை எதிர்த்து முறையிட வங்கியிலும் ஒரு வழி இருக்கும், அதற்கும் காலக்கெடு உண்டு. எழுத்தில் கேட்டு வையுங்கள்.

வீடியோ? குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது என்று எங்கோ வாசித்திருக்கிறீர்கள். சரிதான். ஆனால் சிவில் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கும் வழி அப்படியே இருக்கிறது, 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி, தாள்களோடு சொல்வது ஒன்று. ‘கள்ளக் கடை’ என்று தலைப்புப் போடுவது இன்னொன்று. எப்படியும் விசாரணை முடியும்வரை பொறுங்கள். வீடியோ வந்த பிறகு சமாதானமாகப் பேசும் கடையை நான் கண்டதில்லை.

வழக்கு என்றால், இந்த அளவுப் பணத்துக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்வார்கள். அதிகார சபையின் முடிவைப் பார்த்துவிட்டு யோசிப்போம்.

ஃபைபர் விடயம் சின்னது. உங்கள் ஒப்பந்தத்தில் 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ‘வரை’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த ஒரு சொல்லில்தான் கொம்பனி நிற்கும். வைஃபையில் எடுத்த வேகச் சோதனைகளை அனுப்பியிருக்கிறீர்கள், அவற்றுக்கு ‘உங்கள் வீட்டுச் சுவர்தான் பிரச்சினை’ என்று ஒரே வரியில் பதில் வரும். ரவுட்டரில் கேபிளைச் செருகி, ஒரு வாரம் இரவு ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். முதலில் கொம்பனியிடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள், சரிவராவிட்டால் 1900க்கு அழைத்து ஆணைக்குழுவிடம் போங்கள். அங்கே உங்கள் அளவுகளுக்கு மதிப்பு இருக்கும். வரைபடங்களைக்கூட இணைக்கலாம்.

கடைசியாக, அறிக்கையின் முதல் பக்கத்தில் உங்கள் அடையாள அட்டை இலக்கம், ஐஎம்ஈஐ, கார்ட்டின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் இருந்தன. என் பிரதியிலிருந்து அழித்துவிட்டேன். கடைக்கும் அதே கோப்பைத்தான் அனுப்பினீர்களா?