இழுப்புக்கு ஊமத்தை இலைப் புகை பிடிக்கலாமா?

கேள்வி: மண்டபம் அருகே கடலோரக் கிராமத்தில் வசிக்கிறோம். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் என் கணவருக்கு வயது 56. வாடைக்காற்று தொடங்கினால் இழுப்பு வந்துவிடுகிறது. காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தால் நெஞ்சு இளகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்ல, இரண்டு முறை பிடித்தார். இழுப்பு தணிந்தது உண்மை. ஆனால் நாக்கு வறண்டு, பார்வை மங்கி, அன்றிரவு சம்பந்தமில்லாமல் பேசினார். அளவைக் குறைத்துத் தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம், அளவைக் குறைத்தும் வேண்டாம். ஆயினும் பெரியவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊமத்தை மூச்சுக்குழாயைத் தளர்த்தும் என்பது மருத்துவ உண்மை. 1802ஆம் ஆண்டு வாக்கில் இந்த வழக்கம் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது. அதன் பிறகு ஊமத்தை இனச் செடிகளின் இலையை அடைத்த ஆஸ்துமா சிகரெட்டுகள் ஐரோப்பியக் கடைகளில் இருபதாம் நூற்றாண்டிலும் விற்கப்பட்டன. உங்கள் கணவருக்கு மூச்சு இளகியதும், இரவில் அவர் பிதற்றியதும் ஒரே பொருள் இரண்டு இடங்களில் செய்த வேலை.

ஊமத்தையின் இலை, பூ, காய், விதை அனைத்திலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் ஆகிய ஆல்கலாய்டுகள் உள்ளன. நம் நரம்பு முனைகள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து, செல்களின் மேலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகள் வழியாகச் செய்தி சொல்கின்றன. ஏற்பியைப் படகுத்துறை என்று கொண்டால், அசிட்டைல்கோலின் அங்கே அணைந்து சரக்கை இறக்கும் படகு; அட்ரோபினோ துறையில் வந்து கட்டிக்கொண்டு, எதையும் இறக்காமல், இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும் படகு. இந்த ஏற்பிகளில் எம்1 முதல் எம்5 வரை ஐந்து வகைகள் உண்டு. மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்குவது முக்கியமாக எம்3 என்பதால், அது அடைபட்டதும் தசை தளர்ந்து மூச்சு இளகுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பி, கண், சிறுநீர்ப்பை ஆகியவற்றிலும் அதே எம்3 இருப்பதால் நாக்கு வறள்கிறது, பார்வை மங்குகிறது, சிலருக்குச் சிறுநீரும் அடைத்துக்கொள்கிறது. இதயத்தில் எம்2 அடைபட, நாடி விரைகிறது.

மூளையில் நடப்பதுதான் இன்னும் மோசம். நினைவுக்கும் கவனத்துக்கும் உரிய பகுதிகளில் எம்1 ஏற்பிகள் நிறைந்துள்ளன. அட்ரோபினும் ஸ்கோபோலமினும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து அவற்றையும் அடைத்துவிடுகின்றன. அப்போது வரும் மயக்கம் குடிபோதை போன்றதன்று. இல்லாத வலையை இழுப்பார், இல்லாத ஆளோடு பேசுவார். அது பொய்த்தோற்றம் என்றே அவருக்குத் தெரியாது, மறுநாள் நினைவிலும் பெரும்பாலும் இராது. (ஊமத்தையை நம் பக்திப் பாடல்கள் ‘மத்தம்’ என்கின்றன, அச்சொல்லுக்குப் பித்து என்ற பொருளும் உண்டு.) இந்நிலையில் ஒருவர் வடகடலில் இரவுத் தொழிலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பகலிலும் ஆபத்துதான்: வியர்வைச் சுரப்பிகளும் அசிட்டைல்கோலினை நம்பியே இயங்குவதால், வியர்வை நின்று, வெயிலில் உடல் கொதிக்கும்.

அளவைக் குறைப்பது ஏன் உதவாது என்றால், ஆல்கலாய்டின் அளவு செடிக்குச் செடி, இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. நேற்றுத் தாங்கிய அதே சுருட்டு நாளை தாங்காமல் போகலாம். புகையே மூச்சுக்குழாயை அரிக்கும் என்பது வேறு.

பெரியவர் கண்ட பயனை, மூளையைத் தொடாமல் தரும் மருந்து ஏற்கெனவே இருக்கிறது. இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோபியம், அட்ரோபினின் நெருங்கிய உறவு. அதன் நைட்ரஜன் அணுவில் ஒரு கூடுதல் தொகுதியைச் சேர்த்து நிலையான மின்னூட்டம் பெறச் செய்திருப்பதால், கொழுப்புத் தன்மையுள்ள மூளைத் தடுப்பை அதனால் கடக்க இயலாது. ஒருமுறை அழுத்தினால் 20 மைக்ரோகிராம் என்று அளவும் திட்டமானது. எனினும் ஆஸ்துமாவின் வேர் மூச்சுக்குழாயின் அழற்சி. அதற்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் அடிப்படை மருந்து. உங்கள் கணவர் பீடி பிடிப்பவரானால் அது ஆஸ்துமாவா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயா என்பதை ஸ்பைரோமெட்ரி (கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் பரிசோதனை) செய்துதான் சொல்ல முடியும். வாடை தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால், இன்ஹேலர் எழுதும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

மீண்டும் பிதற்றலோ படபடப்போ காய்ச்சலோ தெரிந்தால், எலுமிச்சைச் சாறு, மோர் என்று புகட்டி நேரம் கடத்தாமல், வாந்தி எடுக்கவும் வைக்காமல், 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இலையில் ஒரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். தேவையானால் அங்கே பைசோஸ்டிக்மின் தரப்படலாம். அது அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து, சரக்குப் படகுகளைப் பெருக்கி, அடைத்துக்கொண்டிருப்பவற்றைத் துறையிலிருந்து தள்ளுகிறது.

வீட்டில் காயவைத்த இலையும் காயும் மீதமிருந்தால் இன்றே புதைத்துவிடுங்கள். ஊமத்தை விதை பார்வைக்கு மிளகாய் விதை போலவே இருக்கும். அடுப்படிக்கு அருகில் வைக்கக்கூடிய பொருள் அன்று.