போக்கு, வரத்து இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுங்கள்

ஓசூர்–நாக்பூர் டெண்டரில் போகும் நடைக்கும் திரும்பும் நடைக்கும் தனித்தனியே விலை கேட்கிறார்கள், ஒன்று மட்டும் கிடைத்தால் லாரி காலியாக ஓடுமே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். இரண்டும் கிடைக்கும் என்று நம்பி விலையைக் குறைத்துவிடாதீர்கள். ஒன்று கைநழுவினால் டீசலும் சுங்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டு நடைக்கும் சேர்த்து ஒரே கூட்டு விலை கொடுத்தால் ஏற்பார்களா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் சியர்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் 1990களிலேயே தன் சரக்கு லாரித் தடங்களைக் கூட்டு விலையையும் ஏற்று ஏலம் விட்டுச் செலவைக் குறைத்தது. உதாரணமாக, தனித்தனியே தலா 70,000 ரூபாய், இரண்டையும் சேர்த்து எடுத்தால் மொத்தம் 90,000 ரூபாய் என்று எழுதலாம்.

மறுத்தால், காலி ஓட்டச் செலவின் பெரும்பகுதியை ஒவ்வொரு விலையிலும் ஏற்றியே ஆக வேண்டும். எவ்வளவு ஏற்றுவது என்பது நாக்பூரில் உங்களுக்கு எத்தனை முறை ரிட்டர்ன் லோடு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய டிரிப் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.