‘தெரியாது’ என்று எழுதிய மகள்

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

“டீச்சர், நான் கொழுந்து எடுக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் மேசன் வேலை. மூத்த மகள் பத்தாம் தரம். எதிர்காலத்தில் என்னவாக வருவாய் என்று வகுப்பில் எழுதச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகள் டீச்சர், டொக்டர் என்று எழுத, இவள் ‘தெரியாது’ என்று எழுதி ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து அழுகிறாள். கணக்கும் விஞ்ஞானமும் நன்றாகச் செய்வாள். ஆனால் எங்கள் பாடசாலையில் ஏ.எல். என்கிற உயர்தரத்தில் கலைப்பிரிவு மட்டும்தான். வேறு பிரிவு படிக்க ஹட்டன் டவுனுக்கு அனுப்புவதா? ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சை சரிவராவிட்டால் கொழும்பில் ஒரு கடையில் சேர்த்துவிடலாம் என்கிறார் அவள் அப்பா. என்ன செய்வது?”

தங்கச்சி, முதலில் மகளைக் கூப்பிட்டு, நீ எழுதியதில் பிழையே இல்லை என்று சொல்லுங்கள். பதினைந்து வயதில் ‘தெரியாது’ என்பது உண்மையான பதில். டொக்டர் என்று எழுதிய பிள்ளைகளில் பலர், ஒரு டொக்டர் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்கிறார் என்று பார்த்தே இருக்க மாட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிற உத்தியோகங்கள் நாலோ ஐந்தோதான்: டீச்சர், கிளார்க், கணக்கப்பிள்ளை, டிஸ்பென்சரி ஐயா, கடை முதலாளி. பார்க்காத வேலையை எப்படி ஆசைப்பட முடியும்?

அதனால் இந்த வருடம் ‘என்ன ஆகப் போகிறாய்’ என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். பதிலாக மாதத்துக்கு ஒரு வேலையைக் காட்டுங்கள். தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியிலிருந்தே தொடங்கலாம். தூள் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கரிடம் கேட்டு ஒரு மணி நேரம் உள்ளே நிற்க விடுங்கள். கொழுந்தை வாட்டுவதில் காற்றும் ஈரமும், ரோலரில் இயந்திரம், டிரையரில் வெப்பம், கரண்ட் போனால் ஓடி வருகிற எலக்ட்ரீசியன், பழுது பார்க்கிற ஃபிட்டர், கணக்கெழுதுகிற கிளார்க். நீங்கள் எடுத்துக் கொடுக்கிற கொழுந்து தூளாகி வெளியே வருவதற்குள் எத்தனை பேருடைய படிப்பு அதில் சேர்கிறது என்று அவள் தன் கண்ணால் பார்ப்பாள்.

அப்புறம் தலவாக்கலையிலேயே இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925இல் தொடங்கியது. அங்கே மண்ணைச் சோதிக்கிறவர்கள், பூச்சிகளைப் படிக்கிறவர்கள், இரசாயனம் பார்க்கிறவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உங்கள் பகுதியிலேயே மேல் கொத்மலை நீர்மின் திட்டம். 150 மெகாவாட் மின்சாரம் அதிலிருந்து வருகிறது. அணைக்கட்டைப் பஸ்ஸிலிருந்து பார்த்துப் பழகிவிட்டோம், அதை ஓட்டுகிறவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்பதில்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு மருந்தெடுக்கப் போகும் நாளில் டொக்டரோடு சேர்த்து மற்றவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் சோதிக்கிறவர், எக்ஸ்ரே எடுக்கிறவர், மருந்து கொடுக்கிறவர், இயன்முறை சிகிச்சை செய்கிறவர் எல்லாருமே விஞ்ஞானம் படித்து வந்தவர்கள்.

பார்த்து வந்த அன்றே ஒரு கொப்பியில் மூன்று விஷயம் எழுதட்டும்: அவர் என்ன படித்தார், அந்த வேலையில் எது அலுப்பு, எதைப் பார்த்தபோது எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. இரண்டாவது கேள்வியை விடவே வேண்டாம். அலுப்பைத் தெரிந்துகொண்டும் பிடித்திருக்கிறது என்றால் அந்த ஆசையை நம்பலாம்.

சரி, இப்போது ஹட்டன் விஷயம். பத்தாம் தரத்தில் வேலையைத் தீர்மானிக்கத் தேவையில்லை, ஏ.எல். பிரிவைத்தான் தீர்மானிக்க வேண்டும், அதற்கும் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு தீர்மானம் கனமானது. விஞ்ஞானம் படித்த பிள்ளை பின்னால் முகாமைத்துவத்துக்கோ ஆசிரியத் தொழிலுக்கோ திரும்பலாம். கலைப்பிரிவில் படித்துவிட்டு நர்ஸாக வர நினைத்தால் வழி கஷ்டம், அரசாங்கத் தாதியர் பயிற்சிக்கு வழக்கமாக விஞ்ஞானப் பிரிவில் சித்தி கேட்கிறார்கள். கலைப்பிரிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. மொழியிலும் வரலாற்றிலும் உயிரை வைத்திருக்கிற பிள்ளைக்கு அதுதான் இடம். கணக்கும் விஞ்ஞானமும் வருகிற பிள்ளை, பாடசாலையில் வேறு பிரிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கலைக்குப் போவதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. மலையகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது.

ஆகவே, ஓ.எல்.லில் கணிதமும் விஞ்ஞானமும் நல்ல பெறுபேறாக வந்தால் ஹட்டனுக்கு அனுப்புங்கள். உயிரியலும் பௌதிக விஞ்ஞானமும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது; அதில் பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் என்று இரண்டு வழி. ஃபெக்டரியில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள் என்றால் அதையும் யோசியுங்கள். எந்தப் பாடசாலையில் எந்தப் பிரிவு, அதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, விடுதி உண்டா என்று இப்போதே நேரில் போய்க் கேளுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடினால் இடம் நிறைந்திருக்கும். தினமும் போய்வருவதாக இருந்தால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் மாணவர் சீசன் டிக்கெட் எடுக்கலாம், செலவு நிறையக் குறையும்.

சிலர் கண்டிக்கு அனுப்பச் சொல்வார்கள். அதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் பதுளையும் இருக்கின்றன, கண்டி இல்லை. பிள்ளை படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் என்பதை வைத்துத்தான் மாவட்டம் கணக்காகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூல் தமிழிலும் வருகிறது. பாடசாலை மாற்றும் முன் வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து அதை வாசியுங்கள். பதுளையில் இருக்கிற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். தேயிலை என்றாலே கூடையும் மலையும்தான் என்று நினைக்கிற பிள்ளைக்கு அது புதுச் செய்தியாக இருக்கும். டீச்சராக விருப்பம் வந்தால் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

இனி, அவள் அப்பா சொன்னது. அவர் மேல் கோபப்படாதீர்கள். குடும்பத்தின் கஷ்டம் தெரிந்த மனிதர் பேசுகிற பேச்சு அது. ஆனால் ஓ.எல். சரிவராத பிள்ளைக்கும் கடையைத் தவிர வழி இருக்கிறது. அரசாங்கத்தின் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல். பெறுபேறு எப்படி இருந்தாலும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் தொழில்துறைப் பாடப்பிரிவில் சேரலாம். அதோடு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமை. அதில் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். மின்சாரம், குழாய் வேலை, தையல், கணினி, ஹோட்டல் என்று எதில் தொடங்கினாலும் படிப்படியாக ஏறலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபை, நைட்டா என்கிற அரசாங்கப் பயிலுநர் பயிற்சி நிறுவனம், தொழில்நுட்பக் கல்லூரிகள் இந்தப் பயிற்சிகளை நடத்துகின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். தொழில் வழிகாட்டல் அவருடைய கடமை, தயங்காமல் போய்க் கேளுங்கள்.

தனியார் நிறுவனங்கள் நோட்டீஸ் கொடுத்தால் காசு கட்டும் முன் இரண்டே கேள்வி: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா, இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. கிடைக்குமா? எந்த இடமானாலும் ‘தமிழில் நடக்குமா’ என்றும் கேளுங்கள். பல பயிற்சிகள் சிங்களத்தில் மட்டும் நடக்கின்றன. போய்ச் சேர்ந்த பிறகு விளங்காமல் திரும்பி வந்த கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டாம் மொழிச் சிங்களத்தை மகள் இப்போதிருந்தே விடாமல் படிக்கட்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு செய்தி. கைப்பழக்கத்தில் மேசன் வேலை கற்றவர்கள், வகுப்புக்குப் போகாமலே தங்கள் திறமையை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். அவர் அதை வாங்கிக் காட்டினால், படிப்பைப் பற்றி மகளிடம் நீங்கள் பேச வேண்டியதே மிச்சமிருக்காது.

கடைசியாக ஒரு காரியம், இதை இந்த வாரமே செய்யுங்கள். மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாடசாலை இடாப்பில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள். தோட்டங்களில் பெயரை ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டபடி எழுதியதில், ஒரே பிள்ளைக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தும், தகப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் ஓர் அலுவலகத்துக்கும் இன்னோர் அலுவலகத்துக்கும் அலைந்தே அந்த வருடம் போய்விட்டது. பதினைந்து வயதானதும் தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பெயர் பிழையோடு போனால் பிழையோடுதான் வரும். நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மகளின் பெயரை ஓரிடத்தில் ‘ஷ’ போட்டும் இன்னோரிடத்தில் ‘ச’ போட்டும் எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழில் எது என்று பாருங்கள்.